சுரண்டி அண்ணாச்சியும் நண்டு வண்டியும்

எழுபதுகளில் தூத்துக்குடியில் ஓடிய வண்டிகளில் பெயிண்ட் முழுசாக இருந்த வண்டி ஒன்றுகூடக் கிடையாது. லாரி, வேன், ஜீப், ஸ்கூட்டர், பாதிரியாரின் மோட்டார் சைக்கிள், எதை எடுத்தாலும் எங்காவது ஓரிடத்தில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு இரும்பு பளபளவென்று தெரியும். உப்புக்காற்று தின்றுவிட்டது என்று ஊரில் சொல்லிக்கொள்வார்கள். உப்புக்காற்று அவ்வளவு வட்டமாகத் தின்னாது. அது சுரண்டி அண்ணாச்சி தின்றது.

அவருடைய உண்மையான பெயர் எனக்குத் தெரியாது. ஞானஸ்நானத்தில் ஏதாவது ஒரு புனிதரின் பெயரை வைத்திருப்பார்கள். மூன்று வருஷம் பழகியும் நான் கேட்கவில்லை. அது என் தப்பு. அதைவிடப் பெரிய தப்பு ஒன்று அவருக்கு நான் செய்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. ஆனால் ஆள் எப்பேர்ப்பட்டவர் என்று தெரியாமல் தப்பை மட்டும் சொன்னால் உங்களுக்கு உறைக்காது. அதனால் முதலில் ஆளைச் சொல்கிறேன்.

வண்டிகளுக்கு வயரிங் பார்ப்பது அவர் தொழில். கடை கிடையாது. மற்ற எலக்ட்ரிஷியன்கள் பெரிய பெட்டியோடு வருவார்கள். இவர் சட்டைப்பையில் உடைந்த ஹாக்ஸா பிளேடு ஒரு துண்டு, துரு தேய்க்க மடித்த உப்புத்தாள், மூக்குப்பொடி டப்பாவில் கொஞ்சம் கிரீஸ். அவ்வளவுதான். கழுத்தில், மாதா படம் தைத்த கயிறு, கறுத்துப்போன உத்தரியம் தொங்கும். அதோடு சேர்த்து இரண்டு வயர் வைத்த சின்ன பல்பு ஒன்றும் தொங்கும். வயரில் கரண்டு வருகிறதா என்று பார்க்கிற பல்பு. கோயிலில் முழங்காலில் நின்று கும்பிடும்போதும் அதைக் கழற்ற மாட்டார்.

உலகத்தில் நடக்கிற எல்லாக் கோளாறுக்கும் அவரிடம் ஒரே காரணம்தான். எர்த்து சரியில்லை.

விஷயம் தெரியாதவர்களுக்காக: வண்டியில் பேட்டரியிலிருந்து விளக்குக்கு ஒரு வயர்தான் போகும். திரும்பி வர வயர் கிடையாது. வண்டியின் இரும்புச் சட்டம்தான் கரண்டு திரும்புகிற வழி. அதைத்தான் எர்த்து என்பார்கள். வயரை போல்ட் போட்டு முடுக்கியிருக்கும் இடத்தில் இரும்பும் இரும்பும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். நடுவே துருவோ பெயிண்டோ வந்தால் வழி அடைந்துவிடும். இந்தச் சின்ன விஷயத்தை மெக்கானிக்குகள் மறந்துவிட்டு டைனமோவைக் கழற்றுவார்கள், பேட்டரியை மாற்றுவார்கள். சுரண்டி அண்ணாச்சி வந்து பெயிண்டைச் சுரண்டுவார். வண்டி கிளம்பிவிடும்.

“கரண்டு போற வழிய எல்லாப் பயலும் பாப்பான். திரும்பி வார வழிய எவன் பாக்கான்?” என்பார். இதை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்வார். டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவரிடம்கூடச் சொல்வார்.

இன்னொரு பழக்கம். வண்டியில் கை வைக்குமுன் செருப்பைக் கழற்றிவிடுவார். எலக்ட்ரிக் வேலை செய்கிற மற்றவர்கள் ரப்பர் செருப்பைத் தேடிப் போடுவார்கள். இவர் தேடிக் கழற்றுவார். கேட்டால், வண்டி இரும்பு, நான் மட்டும் ரப்பரில் நிற்பது அதற்கு மரியாதை இல்லை என்றார். வண்டியும் ரப்பர் டயரில்தானே அண்ணாச்சி நிற்கிறது என்று நான் ஒருநாள் கேட்டுவிட்டேன். இரண்டு நாள் என் கண்ணில் படவில்லை. மூன்றாம் நாள் வந்து, “அதுக்குத்தான் வே நான் கழத்துதேன். ரெண்டு பேருமா ரப்பர்ல நின்னா தரையில யாரு நிக்கது?” என்றார். இதை யோசிக்க அவருக்கு இரண்டு நாள் ஆகியிருக்கிறது.

சுரண்டுவதற்கு அவரை யாரும் கூப்பிட வேண்டியதில்லை. மில்லர்புரத்தில் ஒரு டாக்டரிடம் காய்ச்சல் என்று போனார். டாக்டர் அவர் வாயில் தெர்மாமீட்டரை வைத்துவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போயிருக்கிறார். திரும்பி வந்தால் ஆளைக் காணோம். வாசலில் டாக்டரின் புது ஸ்கூட்டருக்கு முன்னால் குத்தவைத்து, வாயில் தெர்மாமீட்டரோடு, ஹெட்லைட்டைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தார். டாக்டர் கத்தினார். இவரால் பதில் சொல்ல முடியவில்லை, தெர்மாமீட்டர் விழுந்துவிடும். ஒரு விரலைக் காட்டி ஒரு நிமிஷம் என்றார். வேலையை முடித்தபோது ஸ்கூட்டர் விளக்கு முன்னைவிட இரண்டு மடங்கு எரிந்தது. டாக்டர் ஊசியை மட்டும் கொஞ்சம் அழுத்திப் போட்டார்.

கல்யாணக் கார் கதை இன்னும் மோசம். கோயிலுக்குப் போகிற வழியில் காரின் ஹாரன் செத்துவிட்டது. சுரண்டி அந்தப் பக்கம் போனது அவர்களுடைய கெட்ட நேரம். காரை மறித்து, செருப்பைக் கழற்றி, பானட்டைத் திறந்தார். பானட்டின் மேல் கட்டியிருந்த மாலை வேலைக்கு இடைஞ்சலாக இருக்கவே அதை அவிழ்த்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டார். உள்ளே மாப்பிள்ளையும் பெண்ணும் வேர்த்து வடிந்தார்கள். கோயிலில் பாடற்குழு மூன்றாவது பாட்டை மறுபடி பாடிக்கொண்டிருந்தது. இவர் நிதானமாகச் சுரண்டினார். போட்டோக்காரர் சும்மா இருக்கமாட்டாமல் ஒரு படம் எடுத்தார். அந்த ஆல்பத்தில் முதல் படத்தில் மாலை போட்டுக்கொண்டு நிற்பது மாப்பிள்ளை இல்லை.

கப்பலில் எலக்ட்ரிஷியனுக்கு உதவியாளாகச் சில வருஷம் இருந்ததாகச் சொல்வார். ஏன் விட்டீர்கள் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். கப்பலையே சுரண்டியிருப்பார், பாதியில் இறக்கிவிட்டிருப்பார்கள் என்பது எங்கள் முடிவு.

இனி என் கதைக்கு வருகிறேன். நான் அப்போது மாப்பிள்ளையூரணிப் பக்கம் ஓர் உப்பள முதலாளியிடம் வண்டி ஷெட் சூப்பர்வைசர். பதவி பெரிதாகத் தெரியும். கழுத்தில் ஒரு விசிலைக் கட்டிக்கொண்டு லாரிகளை முன்னே வா, பின்னே போ என்பதுதான் வேலை.

முதலாளிக்கு ஓர் ஆசை. உப்பளத்தில் பாத்திகளுக்கு நடுவே வரப்புகள் ஒடுக்கமாகவும் சேறாகவும் இருக்கும். லாரி போகாது. மாட்டு வண்டியும் திணறும். ஏலத்தில் ஒரு பழைய ராணுவ ஜீப்பை எடுத்து, உடம்பையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, வெறும் சட்டத்தின் மேல் இரண்டு சீட்டு வைத்து, பெரிய பெரிய டயர்களை மாட்டி, சேற்றிலும் மணலிலும் போகிற மாதிரி ஒரு வண்டி கட்டினார். அது நேராகப் போவதைவிடப் பக்கவாட்டில் சறுக்கிப் போனதுதான் அதிகம். அதனால் ஆட்கள் அதற்கு நண்டு என்று பெயர் வைத்தார்கள்.

உப்பளத்தில் புது இரும்பு ஆறு மாசம் தாங்காது. முதலாளி இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். கப்பல்களில் மிஞ்சிய சாமான் விற்கிற ஒருவரிடமிருந்து, கப்பலின் அடிவயிற்றுக்கு அடிக்கிற சிவப்புப் பெயிண்டை டின் டின்னாக வாங்கி வந்தார். கடல் தண்ணீருக்குள்ளேயே நிற்கிற பெயிண்ட், நம் உப்பளம் அதற்கு எம்மாத்திரம் என்றார். வண்டியை மாட்டிய பிறகு அடித்தால் சந்து பொந்துகளில் ஏறாதாம். அதனால் ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாகக் கயிற்றில் கட்டி, கருவாடு மாதிரி தொங்கவிட்டு, மூன்று கோட்டு அடிக்கச் சொன்னார். போல்ட் ஓட்டைக்குள் அடித்தோம். நட்டுக்கு அடித்தோம். தேங்காய்ச் சில்லு கனத்துக்குப் பெயிண்ட் ஏறியது. தூத்துக்குடிக்காரனைத் தவிர வேறு எவனும் இந்த வேலையைச் செய்யமாட்டான்.

மாட்டி முடித்தோம். செக்கச் சிவந்த நண்டு. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஹெட்லைட்டைப் போட்டால் ஹாரன் முனகியது. பிரேக்கை மிதித்தால் இடது பக்க விளக்கு எரிந்தது. ஹாரனை அழுத்தினால் எல்லா விளக்கும் அணைந்தன. இஞ்சின் ஒரு முறை உறுமிவிட்டுப் படுத்துக்கொண்டது. முதல் மெக்கானிக் பேட்டரியை மாற்றினார். இரண்டாவது மெக்கானிக் ஸ்டார்ட்டரை மாற்றினார். மூன்றாவது ஆள் திருஷ்டிப் பூசணிக்காய் உடைக்கச் சொன்னார். அதையும் உடைத்தோம்.

கடைசியில் நான்தான் சுரண்டி அண்ணாச்சியைக் கூட்டி வந்தேன். ஷெட் வாசலில் செருப்பைக் கழற்றினார். பல்பைக் கையில் எடுத்துக்கொண்டு நண்டை ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு தரையில் உட்கார்ந்து சிரித்தார்.

“இது வண்டி இல்ல வே, பீங்கான். பீங்கான்ல ஹெட்லைட்ட மாட்டி வச்சிக்கிட்டு எரியலங்கீரு.”

இரண்டு மணி நேரம் சுரண்டினார். பேட்டரி வயர் சட்டத்தில் முடுக்குகிற இடம், விளக்குகளின் அடி, கடைசியாக இஞ்சினுக்கும் சட்டத்துக்கும் நடுவே பின்னிய சடை மாதிரி இருக்கிற செம்புப் பட்டை. அந்தப் பட்டை உட்காருகிற இடத்தை மட்டும் வட்டமாக, கண்ணாடி மாதிரி தேய்த்து, கிரீஸ் வைத்து முடுக்கினார். சாவியைத் திருப்பினோம். நண்டு ஒரே உறுமலில் எழுந்தது. முதலாளி கைதட்டினார்.

அன்று சுரண்டி என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது.

“மத்த இடத்துல வுட்டுப் போச்சுன்னா விளக்குதான் போவும். இந்தச் சடை வுட்டுப் போச்சுன்னா, ஸ்டார்ட்டர் இழுக்க கரண்டு இருக்கு பாரும், அது வேற வழி தேடும். எந்த வழியா வரும்னு அதுக்கே தெரியாது. இதுல மட்டும் யாரும் கைய வச்சிராதிய. சனிக்கெழம தோறும் நானே வந்து சுரண்டி கிரீஸ் வைக்கேன்.”

சொன்ன மாதிரியே சனிக்கிழமை தவறாமல் வந்தார். வாசலில் செருப்பு கிடந்தால் சனிக்கிழமை என்று அர்த்தம்.

நண்டுக்கு பானட் கிடையாது. சுரண்டிய இடம் வெளியே தெரியும். சிவப்புக்கு நடுவே வட்டமாக ஓர் இரும்புப் புள்ளி, ஓரத்தில் இலேசாகத் துரு. முதலாளி காலையில் வந்ததும் அதைத்தான் பார்ப்பார். முகம் சுருங்கும். சொறி பிடித்த நாய் மாதிரி இருக்கிறது என்பார். வண்டி ஓடுகிறதே என்கிற நன்றி நாலு நாளில் போய்விட்டது. மனுஷ புத்தி அப்படித்தான்.

அந்த வருஷம் முதலாளி தன் பெண்ணைக் கயத்தாறில் கட்டிக்கொடுத்திருந்தார். புதுச் சம்பந்தி, முதல் உப்பு வாருகிற அன்றைக்கு உப்பளம் பார்க்க வருவதாக இருந்தது. முதல் உப்பு என்பது எங்களுக்குப் பெரிய நாள். பூசை வைத்து, தேங்காய் உடைத்து, பாத்தியிலிருந்து வாரிய முதல் கூடை உப்பை முதலாளியே வெறுங்காலோடு வரப்பில் நடந்து சுமந்துபோய் அம்பாரத்தில் கொட்ட வேண்டும். அம்பாரம் என்றால் உப்புக் குவியல். போன வருஷத்து உப்பு ஓலை வேய்ந்து வீடு மாதிரி நிற்கும். அதன் தலையில் புது உப்பு விழுந்தால்தான் அந்த வருஷத்து வேலை தொடங்கும். இந்தத் தடவை நடக்கப் போவதில்லை, நண்டில் போகப் போகிறேன், சம்பந்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, என்றார் முதலாளி.

முந்தின நாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டார். “ஏலே, அந்தச் சொறிய மூடுலே. சம்பந்தி பாத்தா என்ன நெனப்பாரு.”

முடியாது முதலாளி, அதில் கை வைக்கக்கூடாது என்று சுரண்டி சொல்லியிருக்கிறார் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு வரைக்கும் வந்தது. வெளியே வந்தது, சரி முதலாளி. செம்புச் சடையைக் கழற்றினேன். சட்டத்தில் இரண்டு கோட்டு அடித்தேன். சடையின் முனையும் பச்சைபிடித்து அசிங்கமாக இருந்தது, அதற்கும் அடித்தேன். மேலாகக் காய்ந்த பிறகு முடுக்கினேன். ஹாரனை அழுத்திப் பார்த்தேன், நன்றாகக் கத்தியது. விளக்கும் எரிந்தது. பேட்டரி வயர் முடுக்கிய இடத்தில் நான் கை வைக்கவில்லை அல்லவா. சுரண்டி சும்மா பயம் காட்டியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். இஞ்சினை ஸ்டார்ட் செய்து பார்க்கவில்லை. நல்ல நாளில் முதலாளி கையால்தான் முதலில் ஸ்டார்ட் ஆக வேண்டும் என்று உத்தரவு.

மறுநாள் காலை. நாற்பது ஆட்கள் நின்றார்கள். பூசை முடிந்தது. சம்பந்தி கயத்தாறிலிருந்து வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சந்தனப் பொட்டோடு வந்து நண்டில் ஏறினார். முதல் உப்புக் கூடையை அவர் மடியில் வைத்தார்கள். முதலாளி சாவியைத் திருப்பினார். ஸ்டார்ட்டர் அரைத்தூக்கத்தில் இழுத்தது. பிடிக்கவில்லை. ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்துக்கொண்டு மறுபடி திருப்பினார். மறுபடி. எங்கேயோ கருகல் வாசம் வந்தது. சாம்பிராணி என்று நினைத்தோம்.

ஐந்தாவது தடவை பிடித்தது. என்ன சத்தம் தெரியுமா. மில் சங்கு மாதிரி அலறியது. முதலாளி காலை எடுத்தும் சத்தம் குறையவில்லை. அவர் அதைச் சக்தி என்று எடுத்துக்கொண்டார். சம்பந்தியைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு கியரைப் போட்டார்.

நண்டு பாய்ந்தது. முதலாளி சின்ன வயதில் மாட்டு வண்டி ஓட்டியவர். பயம் வந்ததும் அந்தப் புத்திதான் வந்தது. சாவியை அணைக்கவில்லை, கிளட்சை மிதிக்கவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் நெஞ்சோடு இழுத்துப் பிடித்துக்கொண்டு, “ஹோ, ஹோ” என்றார். நண்டு நிற்குமா. வரப்பில் பாதி, பாத்தியில் பாதி என்று போனது. சம்பந்தி கூடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எல்லாச் சாமியையும் கூப்பிட்டார். பாத்தித் தண்ணீர் இரண்டு பக்கமும் எழும்பி அவர்கள் மேல் விழுந்தது. நான் பின்னால் விசில் ஊதிக்கொண்டே ஓடினேன். எதற்கு ஊதினேன் என்று இன்றுவரை தெரியாது.

நேராகப் போய் போன வருஷத்து அம்பாரத்தில் ஏறியது. ஓலையைப் பிய்த்துக்கொண்டு பாதி உயரம் ஏறி, மூக்கை உப்பில் புதைத்து நின்றது. இரண்டு பேருக்கும் ஒரு கீறல் இல்லை. சம்பந்தி தலையிலிருந்து கால்வரை உப்பு. கூடை காலி. உப்புச் சுமக்கிற பெண்களில் ஒருத்தி பக்கத்தில் நின்றவளிடம் மெதுவாகச் சொன்னாள்: “ஏளா, எப்படியோ மொத உப்பு அம்பாரத்துக்கு வந்து சேந்துட்டுல்லா.”

அங்கேதான் சிரிப்பு முடிகிறது.

நான் முதலில் ஓடிப்போய் இஞ்சினைப் பார்த்தேன். ஆக்சிலேட்டர் கேபிள் உறையோடு உருகி ஒட்டி, கருகி, ஒரே கம்பியாக நின்றது. ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. சடை வழியாகத் திரும்ப வேண்டிய கரண்டுக்கு நான் வழியை அடைத்துவிட்டேன். சட்டத்தையும் இஞ்சினையும் தொட்டுக்கொண்டிருந்த அந்த ஒல்லிக் கேபிள் வழியாக அது திரும்பிப் போயிருக்கிறது. கேபிள் அடுப்புக் கம்பி மாதிரி பழுத்து, முதலாளி மிதித்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. சுரண்டி சொன்ன வேற வழி இதுதான்.

முதலாளி சம்பந்தி முன்னால் உடம்பிலிருந்து உப்பைத் தட்டிக்கொண்டு நின்றார். “எவம்லே இதுல கை வச்சவன்?” என்று கேட்டார். கண் என் மேல்தான் இருந்தது.

நான் சொன்னேன்: “எலக்ட்ரிக் வேலை சுரண்டி பாத்தது மொதலாளி.”

பொய் இல்லை. ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. அப்படி ஒரு அயோக்கியத்தனம்.

ஆளை விட்டுக் கூட்டி வந்தார்கள். ஷெட் வாசலில் செருப்பைக் கழற்றினார். நண்டை அதற்குள் இழுத்து வந்து நிறுத்தியிருந்தோம். நாற்பது பேர் சுற்றி நின்றார்கள். அவர் குனிந்து கேபிளைப் பார்த்தார். பிறகு நேராகச் சடையின் போல்ட்டுக்குப் போய்க் கட்டைவிரல் நகத்தை வைத்தார். பெயிண்ட் உள்ளே இன்னும் முழுசாகக் காயவில்லை. நகத்தில் சிவப்பாக ஒட்டியது. அந்த நகத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் விசிலைப் பார்த்தார் என்றுகூடச் சொல்லலாம்.

“எர்த்து வுட்டுப் போச்சு மொதலாளி. நாந்தான் சரியாப் பாக்கல,” என்றார்.

முதலாளி வாய்க்கு வந்தபடி பேசினார். இனி இந்த வாசலை மிதிக்காதே என்றார். சவம், தொழில் தெரியாத பய என்றார். அந்த ஆளைப் பார்த்துத் தொழில் தெரியாதவன் என்றார். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். சுரண்டி அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டு நடந்து போய்விட்டார். அவர் போன பிறகுதான் பார்த்தேன், வாசலில் செருப்பு அப்படியே கிடந்தது.

நம் ஊரில் ஒரு பேச்சு பரவ லாரி வேண்டாம். சுரண்டி கைவைத்த வண்டி சம்பந்தியை அம்பாரத்தில் ஏற்றிவிட்டது என்று எல்லா ஷெட்டிலும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அவரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். வண்டி ஓரமாக அவர் நின்றால்கூட, “யோவ், கிட்ட வராதயும்” என்று விரட்டினார்கள். நானும் ஒவ்வொரு சனிக்கிழமையும் நாளைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். சடையை மட்டும் நானே கழற்றிச் சுரண்டி கிரீஸ் வைத்தேன். முதலாளி இப்போது அந்தப் புள்ளியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இரண்டு மாசம் போயிருக்கும். அவர் கொழும்புக்குச் சரக்குக் கொண்டுபோகிற தோணி ஒன்றில் சோறாக்குகிற வேலைக்கு ஏறப்போவதாக டீக்கடையில் சொன்னார்கள். செருப்பை ஒரு பையில் போட்டுக்கொண்டு பழைய துறைமுகத்துக்கு ஓடினேன். வெங்காயமும் கூரை ஓடும் ஏற்றி முடிந்து, ஏறுகிற பலகையை எடுக்கப் போகிற நேரம். அவர் தோணியின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் உத்தரியம் மட்டும் இருந்தது. பல்பைக் காணோம்.

“என்ன சூப்பர்வைசரே, தோணியில எங்கன எர்த்து அடிக்கதுன்னு பாக்க வந்தீரா?” என்றார்.

அந்தச் சடைக்குப் பெயிண்ட் அடித்தது நான்தான் அண்ணாச்சி என்றேன். ஒரு மூச்சில் சொல்லிவிட்டேன்.

“தெரியும் வே. நகத்துல ஒட்டிச்சில்லா. மூணு நாளு சோத்துல பெயிண்ட் வாசம்.”

“பொறவு ஏன் அண்ணாச்சி சொல்லல?”

“சொன்னா உம்மத் தொரத்திருப்பாரு. எனக்குன்னா கைத்தொழில் இருக்கு, எங்கயும் பொழச்சிக்கிடுவேன். உமக்கு என்ன வே தெரியும்? விசில் ஊதத் தெரியும்.”

எனக்குக் கோபம் வந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் கோபம்தான் வருகிறது. இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்துவிட்டு இவ்வளவு கேவலமாக எவனாவது அதைச் சொல்வானா? இறங்கி வாரும், இப்போதே முதலாளியிடம் போவோம், நாற்பது பேர் முன்னால் சொல்கிறேன் என்றேன். அவர் இல்லை என்று தலையாட்டினார். ஏறியாச்சு, இனிப் பாதியில் இறங்கினால் தோணிக்காரர்கள் பட்டினி கிடப்பார்கள் என்றார். பேசிக்கொண்டே இருக்கும்போது அவர் கட்டைவிரல் நகம் தோணிப் பலகையில் பூசியிருந்த தாரைச் சுரண்டிக்கொண்டிருந்தது. அவருக்கே தெரியாமல். தாருக்குக் கீழே வெறும் மரம்தான் இருந்தது.

பையிலிருந்து செருப்பை எடுத்து நீட்டினேன்.

“தோணியில எதுக்கு வே செருப்பு? வச்சிரும். வந்து வாங்கிக்கிடுதேன்,” என்றார்.

மறுநாள் காலை முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு ஆச்சரியமே படவில்லை. “தெரியும்லே. மூடச் சொன்னதே நாந்தானே. சம்பந்தி முன்னால என்னச் செய்யச் சொல்லுத?” என்றார். அடுத்த வெற்றிலையைத் துடைத்துக்கொண்டே, “அந்த ஆளக் கூட்டிட்டு வா, வேலையில வச்சிக்கிடுவோம்,” என்றார். நேற்றுத் தோணி ஏறிவிட்டார் என்றேன். முதலாளி வெற்றிலையைத் துப்பிவிட்டு உள்ளே போய்விட்டார். இரண்டு பேர் பூசிய பெயிண்டுக்கு மூன்றாவது ஆள் ஊரை விட்டுப் போனார்.

அந்த நிமிஷமே நான் வேலையை விட்டுவிட்டேன் என்று எழுதினால் உங்களுக்கு என்னைப் பிடிக்கும். விடவில்லை. அதற்குப் பிறகும் எட்டு வருஷம் அங்கேதான் விசில் ஊதினேன். அவர் சொன்னது சரி, எனக்கு வேறொன்றும் தெரியாது. செய்தது ஒன்றே ஒன்று: போகிற ஷெட்டிலெல்லாம் நடந்ததைச் சொன்னேன். எல்லோரும் அப்படியா என்றார்கள். ஆள் இல்லாத பிறகு அவர் பெயரைத் துலக்கி என்ன பிரயோஜனம்?

அந்தத் தோணி திரும்பி வந்தது. அவர் வரவில்லை. கொழும்பில் வேறு தோணி மாறினார் என்றார்கள். மாலத்தீவில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். இல்லை, கொச்சியில் என்றார் இன்னொருவர். பிழைப்புக்காக நானும் பிறகு பல ஊர் போனேன். எங்கே போனாலும் நிற்கிற லாரியின் அடியில் குனிந்து பார்க்கிற கெட்ட பழக்கம் வந்துவிட்டது. திருடன் என்று இரண்டு ஊரில் அடிக்க வந்தார்கள். கொச்சியில் ஒரு பழைய லாரியில் பேட்டரி வயருக்கு அடியில் ஒரு ரூபாய் அகலத்துக்கு வட்டமாக, ஓரம் பிசிறில்லாமல் சுரண்டி, அளவாகக் கிரீஸ் வைத்திருந்தது. யார் செய்தது என்று டிரைவரிடம் கேட்டேன். வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது என்றார். அந்த வட்டத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். டிரைவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

செருப்பு என்னிடம்தான் இருக்கிறது. இரண்டு வீடு மாறியாயிற்று, அதுவும் கூடவே வந்தது. இடது கால் செருப்பில் வார் இற்றுப்போயிருந்தது. வந்து கேட்டால் அறுந்த செருப்பையா கொடுப்பது என்று, போன மாசம்தான் கொண்டுபோய்த் தைத்து வாங்கி வந்தேன்.